மூன்று மணிக்குப் படுக்கை நனைந்தால்

ஈரோட்டில் முதுநிலை நர்சிங் படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கும் கேள்வி இது: "பெண் நோயாளிகளுக்கு உள்ளே டியூப் போடாமல், வெளியில் வைத்தே சிறுநீரை உறிஞ்சி எடுக்கும் சாதனங்கள் வந்திருக்கின்றன. கொங்குப் பகுதி மருத்துவமனைகளின் செவிலியர்கள் இவற்றைக் கையில் எடுக்கத் தயாராக இருக்கிறார்களா என்பதுதான் என் ஆய்வுத் தலைப்பு. மூத்த சிஸ்டர்கள் புதியதை ஏற்க மாட்டார்கள் என்று என் வழிகாட்டி சொல்கிறார். உங்கள் அனுபவம் என்ன? நான் எதை அளக்க வேண்டும்?"

அம்மணி, உங்கள் வழிகாட்டியின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கோவையிலும் ஈரோட்டிலும் அரசு வார்டு, தனியார் வார்டு இரண்டிலும் 31 ஆண்டுகள் வேலை செய்து, கடைசி ஒன்பது ஆண்டுகள் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணியில் சேர்ந்த புதிதில் கண்ணாடி சிரிஞ்சுகளைக் கொதிக்கவைத்து எடுத்திருக்கிறேன். அதன் பிறகு ஒருமுறை பயன்படுத்தும் சிரிஞ்சு வந்தது, குளுக்கோமீட்டர் வந்தது, விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் வந்தது, சொட்டுகளை எண்ண வேண்டாத இன்ஃப்யூஷன் பம்ப் வந்தது. என் வயதுச் சிஸ்டர்கள் யாரும் இவற்றில் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொன்றும் எங்கள் கையிலிருந்த வேலையைக் குறைத்தது, அதனால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டோம்.

நீங்கள் கேட்கும் சாதனம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அதன் நன்மை நோயாளிக்குப் போகிறது, அதுவும் ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, "தொற்று வரவில்லை" என்ற கண்ணுக்குத் தெரியாத வடிவில். அது சரியாக அமையாவிட்டால் வரும் சிரமமோ அன்று இரவே, விடியற்காலை மூன்று மணிக்கு, நனைந்த படுக்கையாக ஒரு செவிலியரின் முன்னால் வந்து நிற்கிறது. தயக்கம் என்று நீங்கள் பார்க்கப்போவதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆண் நோயாளி சிறுநீரை அடக்க முடியாமல் படுத்திருந்தால், ஆணுறை போன்ற ஓர் உறையை மாட்டிக் குழாயைப் பையில் இணைத்துவிடுவது எங்களுக்கு மிகப் பழைய வழக்கம். உள்ளே எதுவும் போவதில்லை. பெண்ணின் உடலமைப்பில் மாட்டிப் பிடிக்க இடமில்லை. ஆகவே பெண்ணுக்கு இருந்த வழிகள் மூன்று: பெட்பேன், டயப்பர், அல்லது உள்ளே போடும் ஃபோலி டியூப். அந்த டியூபின் பிறப்பைப் பற்றி நர்சிங் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஃபிரடெரிக் ஃபோலி 1929இல் பலூன் வைத்த குழாயை முதலில் விவரித்தபோது, புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு வரும் இரத்தக்கசிவைப் பலூனால் அழுத்தி நிறுத்துவதே அவருடைய நோக்கமாக இருந்தது. ஆண் உடலின் ஒரு தேவைக்காக உருவானது பின்னர் சிறுநீர் வடிக்கும் குழாயாகி, பெண்கள் வார்டுக்கும் வந்து, அங்கேயே நிலைத்துவிட்டது.

சிறுநீர் வெளியேறும் பாதையான சிறுநீர்த்தாரை பெண்ணுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். ஆணுக்கு அது 20 சென்டிமீட்டர் அளவு. பெண்ணுக்கு ஆசனவாயும் மிக அருகில் இருக்கிறது. குழாயின் வெளிப்பரப்பைப் பிடித்துக்கொண்டே கிருமிகள் மேலே ஏறிவிடுகின்றன. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தொற்று வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு மாதம் இருந்துவிட்டால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2009இல் வெளியிட்ட நெறிமுறையில் ஒரு வரி உண்டு. சிறுநீரை அடக்க முடியாத நோயாளிக்குச் செவிலியர் செய்ய வேண்டிய பராமரிப்புக்கு மாற்றாகக் குழாயைப் போடக் கூடாது என்பது அதன் பொருள். அதைப் படித்த அன்று எனக்குச் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அதற்காகவே நூற்றுக்கணக்கான டியூப்களை நான் போட்டிருக்கிறேன்.

இப்போது புதிய சாதனத்துக்கு வருவோம். 2010களின் நடுவில் அமெரிக்க மருத்துவமனைகளில் பரவத் தொடங்கிய வகை இது. வளைந்த, மென்மையான, துணி சுற்றிய திரி போன்ற ஒன்று. அதைப் பிறப்புறுப்பின் இதழ்களுக்கு நடுவே, சிறுநீர் வெளிவரும் இடத்தோடு ஒட்டி, கீழ்முனை பிட்டங்களின் இடுக்கில் பொருந்துமாறு வைக்க வேண்டும். மறுமுனை உறிஞ்சி இழுக்கும் கருவியான சக்‌ஷனில் இணைந்திருக்கும். சிறுநீர் வெளியே வந்தவுடன் திரி அதை உள்வாங்க, சக்‌ஷன் இழுத்து ஜாரில் சேர்த்துவிடும். 8 மணி முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை திரியை மாற்ற வேண்டும். மலமோ இரத்தமோ பட்டால் உடனே மாற்ற வேண்டும். அந்த இடத்தில் களிம்பு பூசக் கூடாது, பூசினால் துணியின் கண்கள் அடைத்துக்கொண்டு உறிஞ்சாது. சிறுநீர் உள்ளேயே தேங்கி வெளியே வராத நோயாளிக்கு இதை வைக்கவே கூடாது, ஏனென்றால் தானாக வெளியே வரும் சிறுநீரைத்தான் இதனால் எடுக்க முடியும். கையால் திரியை இழுத்துப் பிய்த்துவிடும் குழப்ப நிலையில் இருப்பவர்களுக்கும், அதிக மாதவிடாய்ப் போக்கு இருப்பவர்களுக்கும், அந்த இடத்தில் தோல் ஏற்கெனவே புண்ணாகிக் கிடப்பவர்களுக்கும் இது ஒத்துவராது.

அந்த நாட்டில் இது ஏன் வேகமாகப் பரவியது என்பதையும் உங்கள் ஆய்வின் முன்னுரையில் சொல்லுங்கள். மருத்துவமனையில் குழாயால் வந்த சிறுநீர்த் தொற்றுக்கு ஆகும் கூடுதல் செலவைத் தரமாட்டோம் என்று அங்குள்ள அரசுக் காப்பீடான மெடிகேர் 2008 அக்டோபரில் நிறுத்தியது. அதற்குப் பிறகு குழாயைக் குறைப்பது நிர்வாகத்தின் பணக்கவலை ஆனது. சாதனத்தை வாங்கவும், பயிற்சி தரவும், கண்காணிக்கவும் மேலிருந்தே ஆள் வந்தார்கள். நம் ஊரில் டியூபால் காய்ச்சல் வந்த ஒரு பாட்டிக்கு ஊசி மருந்து கூடுதலாக எழுதப்படும், பில் வீட்டாருக்குப் போகும். யாரும் யாரையும் கேட்பதில்லை. அங்கே செவிலியருக்குப் பின்னால் ஒரு நிர்வாகம் நிற்கிறது, இங்கே அவர் தனியாக நிற்கிறார். அங்குள்ள ஆய்வுகளின் வினாப்பட்டியலைத் தமிழாக்கி இங்கே கொடுத்தால் விடை பொருந்தாமல் போவது இதனால்தான்.

இனி நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் இன்சார்ஜாக இருந்தபோது, ஒரு விற்பனைப் பிரதிநிதி இந்த வகைத் திரிகள் பத்தைச் சோதித்துப் பார்க்கத் தந்துவிட்டுப் போனார். பகல் ஷிஃப்டில் இரண்டு சிஸ்டர்களுக்குப் பொம்மையை வைத்துப் பத்து நிமிடம் செய்துகாட்டினார். அன்றிரவு டூட்டியில் இருந்தவர்கள் வேறு இருவர். அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு முதுகு தேய்த்து ஒருக்களித்துப் படுக்கவைத்தபோது திரி நகர்ந்துவிட்டது. மூன்று மணிக்குப் பார்த்தால் தோள் வரைக்கும் நனைந்திருக்கிறது. அந்த வயதான அம்மாவுக்கு உடல் நடுங்குகிறது. இரவு லினன் அலமாரியில் ஒரே ஒரு விரிப்பு மிச்சம். காலையில் மகள் வந்து வராந்தா முழுவதும் கேட்கும்படி சத்தம் போட்டார். மருத்துவர் ரவுண்ட்ஸில் "இதெல்லாம் எதற்கு, பேசாமல் ஃபோலி போட்டிருக்கலாமே" என்றார். மீதித் திரிகள் ஸ்டோர் ரூமின் மேல் தட்டுக்குப் போயின. தவறு என்னுடையதும்தான். இரவு டூட்டிக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாமல் நான் வீட்டுக்குப் போனேன்.

இந்த ஒரு நிகழ்ச்சியில் உங்கள் ஆய்வுக்கு வேண்டிய பாதி இருக்கிறது. நனைந்த படுக்கைக்குத் திட்டு விழுகிறது, அதுவும் அன்றைக்கே, எல்லோர் முன்னாலும். டியூபால் எட்டாம் நாள் குளிர்ஜுரம் வந்தால் யாருக்கும் திட்டு விழுவதில்லை. எட்டாம் நாள் காய்ச்சலுக்கும் முதல் நாள் டியூப் போட்ட கைக்கும் இடையே இருபது ஷிஃப்டுகள் கடந்திருக்கும். ஒரு செவிலியர் இவ்விரண்டில் எதற்குப் பயப்படுவார்? உங்கள் வினாப்பட்டியலில் "புதிய சாதனத்தின் மீது உங்களுக்கு நம்பிக்கை உள்ளதா" என்று கேட்டால் அவர் ஐந்தில் நான்கு மதிப்பெண் போடுவார். "அது கசிந்து படுக்கை நனைந்தால் காலையில் உங்களை யார் என்ன சொல்வார்கள்" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான விடை அங்கேதான் வரும்.

இரண்டு வாரம் கழித்து, அந்த மேல் தட்டுப் பெட்டியை இறக்கியவர் என்னைவிட 25 வயது இளையவர், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண். காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். மாட்டுக் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைக்குக் காத்திருந்தார். இந்த வகை நோயாளியைக் கவனியுங்கள், உங்கள் ஆய்வின் நடுவில் நிற்க வேண்டியவர் இவர்தான். இவருக்குச் சிறுநீர்ப்பையில் ஒரு கோளாறும் இல்லை. அடக்கத் தெரியும், கேட்கத் தெரியும். ஆனால் பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்கும்போது வரும் வலி உயிரைப் பிடுங்கும். அந்த வலிக்காகவே நம் வார்டுகளில் இவர்களுக்கு வந்தவுடன் டியூப் போட்டுவிடுகிறோம். அறுவை முடிந்து நடக்கத் தொடங்கும்வரை அது அப்படியே இருக்கிறது.

டியூப் இல்லாதவர்கள் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பாட்டிக்கு நான் டம்ளரை நீட்டியபோது, "வேண்டாம் கண்ணு, குடித்தால் ஒன்றுக்கு வந்துவிடும். அப்புறம் உன்னைத்தானே கூப்பிட வேண்டும்" என்றார். பல்லடத்துத் தறிக்குடோனிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் வேலை செய்த பெண்களும், பொழுதுக்கும் மஞ்சள் காட்டில் களை எடுத்த பெண்களும் வயதுக்காலம் முழுவதும் பழகிய பழக்கம் இது. மறைவான இடம் கிடைக்கும்வரை குடிக்காமல் இருப்பது. மருத்துவமனைக் கட்டிலிலும் அதையே செய்கிறார்கள். நாக்கு வறண்டு, சிறுநீர் மஞ்சளாகி, மலச்சிக்கலாகி, மூன்றாம் நாள் இரவில் ஆள் அடையாளம் தெரியாமல் பேசத் தொடங்குவார்கள். வயதானவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எழுதிவைப்போம். அதில் பாதி தாகம்.

அந்த இளைய சிஸ்டர் என்ன செய்தார் என்றால், முதலில் பாட்டியிடம் திரியைக் கையில் கொடுத்தார். "இது உள்ளே போகாது ஆத்தா, மேலேதான் வைப்போம். தொட்டுப் பாருங்கள்" என்றார். சக்‌ஷனை 40 மில்லிமீட்டர் பாதரச அளவில், விட்டு விட்டு இழுக்காமல் தொடர்ந்து இழுக்கும் நிலையில் வைத்தார். முதல் இரவில் நடந்த இரண்டாவது பிழை இதுதான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்துக் கட்டிலுக்கு இரைப்பைக் குழாய்க்காக வைத்திருந்த விட்டு விட்டு இழுக்கும் நிலையிலேயே இதையும் இணைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை திருப்பிப் படுக்கவைத்த பிறகும் விளக்கடித்துத் திரியின் இடத்தைப் பார்த்தார். இரண்டு தொடைகளுக்கும் நடுவே தலையணையை மிக அகலமாக வைக்காமல், கால்கள் ஓரளவு சேர்ந்திருக்கும்படி விட்டார், அந்த அணைப்பில்தான் திரி நிற்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து எழுதினார். நான்கு நோயாளிகளுக்குப் பிறகு எங்கள் பிரிவில் எட்டுப் பேருக்குக் கை பழகிவிட்டது. ஐம்பது வயதைக் கடந்த மூவரும் அதில் உண்டு. பிரதிநிதியின் பொம்மையால் ஆகாததை, உடன் வேலை செய்கிற ஒருத்தி இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் பிடித்துக் காட்டியது செய்தது.

எல்லா வார்டிலும் இது நடக்குமா என்றால் நடக்காது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. சுவரில் சக்‌ஷன் இணைப்பு இருப்பது தீவிர சிகிச்சைப் பிரிவிலும் சில புதிய கட்டடங்களிலும்தான். பழைய பெண்கள் பொது வார்டில் முப்பது கட்டிலுக்குச் சக்கரம் வைத்த ஒரே ஒரு சக்‌ஷன் இயந்திரம் இருக்கும். யாருக்காவது சளி அடைத்தால் அது உடனே ஓட வேண்டும். அதைச் சிறுநீர்த் திரிக்குக் கொடுக்க எந்தச் சிஸ்டரும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. மின்சாரம் போனால் திரி வெறும் துணிதான். பேட்டரியில் ஓடும் சிறிய இயந்திரங்கள் வெளிநாட்டில் வீட்டுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன, நம் வார்டுகளுக்கு அவை இன்னும் எட்டவில்லை. ஆகவே பொது வார்டுச் சிஸ்டர் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால், உங்கள் படிவத்தில் அதை "எதிர்மறை மனப்பான்மை" என்ற கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். அவர் தன் வார்டைத் துல்லியமாக அறிந்து சொல்கிறார்.

பொருள் வரும் வழியையும் பாருங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கையுறையும் டியூபும் 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்குகள் வழியாக வருகின்றன. இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் பட்டியலில் இல்லாத பொருள் வார்டுக்கு வராது, எப்போதாவது வந்தாலும் அடுத்த மாதம் இருக்காது. இன்றைக்குப் பழகி நாளைக்கு இல்லாமல் போகும் சாதனத்துக்குக் கையைப் பழக்கிக்கொள்ள யாருக்கும் மனம் வராது. தனியாரில் வேறு சிக்கல். காப்பீட்டுத் தொகுப்பில் ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று கட்டணம் முடிவாகியிருக்கும். அதற்குமேல் தினம் இரண்டு திரி என்றால் யார் கணக்கில் எழுதுவது என்று பில்லிங் பிரிவிலிருந்து போன் வரும். ஃபோலி டியூபை ஒருமுறை போட்டால் பல நாள் ஓடும். திரியைத் தினம் வாங்க வேண்டும். கொங்கு நாட்டுக் குடும்பங்கள் கணக்கில் கெட்டி, அவர்களிடம் தினச்செலவைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லும் பொறுப்பு மறுபடி சிஸ்டர் தலையில்தான் விழுகிறது.

கூச்சத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். என் அனுபவத்தில், திரை இழுத்து, பாவாடையை விலக்காமல் உயர்த்தி, முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொன்னால் நோயாளிகள் அதிகம் மறுப்பதில்லை. டியூப் போடும்போது இதைவிட அதிகமாகத்தான் அவர்கள் உடலைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஆண் செவிலியர் மட்டும் டூட்டியில் இருக்கும் இரவுகளில் சிக்கல் வரும், அதற்கு டூட்டிப் பட்டியல் போடும்போதே வழி செய்ய வேண்டும். பாட்டிக்குத் துணையாக மகன் மட்டுமே இருக்கும்போதும் இதே தயக்கம் உண்டு. அவரிடம் திரியைப் பற்றிப் பேசவே இளைய சிஸ்டர்கள் கூசுவார்கள். நான் நேராக, "உங்கள் அம்மாவுக்கு உள்ளே குழாய் போடாமல் பார்க்கலாம் என்று இருக்கிறோம்" என்பேன். அதற்கு மறுப்புச் சொன்ன மகனை நான் பார்த்ததில்லை.

உங்கள் தலைப்பில் செவிலியர் என்று மட்டும் இருக்கிறது. ஆயா அம்மாக்களை விட்டுவிட்டால் ஆய்வு நொண்டும். நனைந்த விரிப்பை உருவுவதும், உடலைத் துடைப்பதும், ஜாரைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் பெரும்பாலும் அவர்கள். திரி நகர்ந்திருப்பதை முதலில் பார்க்கும் கண்ணும் அவர்களுடையதுதான். எங்கள் பிரிவில் இந்த முயற்சி நின்று நிலைத்ததற்கு, இரவு ஆயா ஒருவர் "சிஸ்டர், ஜாரில் ஒரு மணி நேரமாக ஏறவே இல்லை, என்னவென்று பாருங்கள்" என்று எழுப்பிச் சொல்லத் தொடங்கியதும் ஒரு காரணம். அதேபோல் ஒப்பந்தச் செவிலியர்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரத்துக்குக் காத்திருப்பவர்கள். அடுத்த மாதம் எந்த வார்டு, எந்த ஊர் என்று தெரியாதவர்களிடம் புதுமை பற்றிய ஆர்வத்தை மட்டும் அளந்து என்ன பயன்? அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி இடமாற்றத்தோடு போய்விடுகிறதா என்று பாருங்கள்.

சாதனம் என்றால் திரி ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே ஒரு புதிய பொருளை வாங்கித்தருகிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால், பொது வார்டுக்கு நான் கேட்டிருக்கக்கூடியது சிறுநீர்ப்பையை அளக்கும் சிறிய ஸ்கேனர். அடிவயிற்றில் வைத்தால் உள்ளே எத்தனை மில்லி இருக்கிறது என்று காட்டிவிடும். பிரசவமோ அறுவையோ முடிந்த பெண் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், உள்ளே தேங்கியிருக்கிறதா, சுரக்கவே இல்லையா என்று டியூப் போட்டுத்தான் பார்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஸ்கேனர் இருந்தால் அதில் எத்தனையோ டியூப்கள் வேண்டியிருக்காது. இதைச் செவிலியர்கள் தயங்காமல் எடுப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வேன், வேலையைக் கூட்டாத சாதனம் இது. இடுப்பைத் தூக்க வேண்டாத தட்டையான பெட்பேன், பெண்களுக்கென்றே அகலவாய் வைத்த யூரினல் இவை விலை குறைந்தவை, மின்சாரம் வேண்டாதவை. நம் வார்டு அலமாரிகளில் இவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உறிஞ்சும் பேடை எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று அளவு கிடைத்துவிடும். "அவுட்புட் சார்ட் எழுத வேண்டும், அதனால் டியூப்" என்ற காரணத்துக்கு இது பல நேரங்களில் போதுமான பதில். மணிக்கு மணி துல்லியமாக அளக்க வேண்டிய மோசமான நிலை வேறு, அங்கே டியூப் போடத்தான் வேண்டும்.

சிறுநீர் தேங்குகிற நோயாளிகளுக்கு, குறிப்பாக முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு, நாளைக்குச் சில முறை மெல்லிய குழாயை விட்டு எடுத்துவிடும் முறை இருக்கிறது. சுத்தமான கையோடு நோயாளி தானே செய்துகொள்ளலாம் என்று அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ஜாக் லேப்பிட்ஸ் 1972இல் எழுதினார். அதுவரை கிருமி நீக்கிய உறையும் கையுறையும் இல்லாமல் தொடவே கூடாது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். விபத்தில் அடிபட்ட பெண்களுக்குக் கண்ணாடியை வைத்து இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். முதல் நாள் அழுவார்கள், பத்தாம் நாள் தாமாகவே செய்வார்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தாளவாடிக்குத் திரும்பும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். டியூபோடு அனுப்பினால் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் உட்காருவார். அந்தப் பை வயிற்றுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையைவிட உயரமாக இருந்தால் சிறுநீர் உள்ளே திரும்பிவிடும் என்று நூறுமுறை சொல்லி அனுப்பினாலும், கூட்டத்தில் அதைக் காலடியில் தொங்கவிட எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே செவிலியர் வருகிறார் என்பது பெரிய ஆறுதல். அந்தச் செவிலியர்களையும் உங்கள் ஆய்வு மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கட்டிலில், மருமகள் ஒருத்தியின் இரண்டு கைகளை நம்பி எந்தச் சாதனம் நிற்கும் என்று அவர்களைப்போல் அறிந்தவர்கள் இல்லை.

இனி, எதை அளப்பது என்ற உங்கள் கேள்வி. "தயாரா" என்று கேட்காதீர்கள். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் கையெழுத்தோடு வரும் படிவத்தில் "தயாரில்லை" என்று எழுத யாருக்குத் துணிச்சல் வரும்? பெயர் இல்லாமல், பெட்டியில் போடும்படி வாங்குங்கள். கருத்தைவிட நடந்ததைக் கேளுங்கள். கடந்த வாரம் நீங்கள் போட்ட கடைசி டியூப் யாருக்கு, அதைப் போடச் சொன்னது யார், அது இன்னும் இருக்கிறதா, எடுத்துவிடலாமா என்று நீங்களாக மருத்துவரிடம் கேட்டதுண்டா, கேட்டபோது என்ன பதில் வந்தது? இந்த ஐந்து கேள்விகள் நாற்பது கேள்விகளைவிட அதிகம் சொல்லும். அதன் பிறகு வார்டைக் கேளுங்கள்: இரவில் எத்தனை விரிப்பு மிச்சமிருக்கும், சக்‌ஷன் எத்தனை, திருப்பிப் படுக்கவைக்க இரண்டாவது ஆள் எப்போது கிடைப்பார். ஒரே செவிலியரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பொது வார்டிலும் வைத்துக் கேட்க முடிந்தால் கேளுங்கள். அவருடைய "தயார்நிலை" கட்டிடத்துக்குக் கட்டிடம் மாறுவதைப் பார்ப்பீர்கள். வழிகாட்டியிடம் காட்ட அதைவிட நல்ல அட்டவணை இல்லை.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு சாதனத்தை ஒரு வார்டில் ஆறு வாரம் வைத்துப் பாருங்கள். இடுப்பெலும்பு முறிந்த பெண்களோடு தொடங்குங்கள், அவர்களுக்குத்தான் டியூப் போடுவதற்கு மிகக் குறைவான காரணம் இருக்கிறது. இரவு டூட்டிக்காரர்களுக்கு முதலில் கற்றுக்கொடுங்கள், பகல்காரர்களுக்குப் பிறகு. முதல் வாரம் கசியும் என்று மருத்துவரிடமும் வீட்டாரிடமும் முன்கூட்டியே நீங்கள் சொல்லிவிடுங்கள், சிஸ்டர்களைச் சொல்ல வைக்காதீர்கள். கூடுதலாகப் பத்து விரிப்புகளை எழுதி வாங்கி வையுங்கள்.

பதிவேட்டில் வழக்கமான பத்திகளோடு, ஒவ்வொரு நோயாளியும் 24 மணி நேரத்தில் வாய்வழியாகக் குடித்த தண்ணீர் எத்தனை மில்லி என்பதற்கும் ஒரு பத்தி போடுங்கள். காங்கேயத்துப் பாட்டிக்கு நாங்கள் வைத்திருந்த சார்ட்டில் முதல் நாள் 350 மில்லி என்று இருந்தது. திரி வைத்த மூன்றாம் நாள் அது 1,400 ஆனது. இரவு பதினொரு மணிக்கு மோர் இருக்கிறதா என்று அவரே கேட்டார்.